கடலைச் சுருளில் வந்த பேச்சு

ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருபது வருடங்களுக்கு மேலாகப் பேசிய பேச்சு முழுவதையும் நான் ஒரே காலையில் நிறுத்து எடுத்தேன். மூன்று சாக்கு நிறைந்தது. சைக்கிளில் இரண்டு நடை போக வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது இருக்கலாம். சரியாகத் தெரியாது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், எரிந்த வருடம் அம்மாவின் தகரப் பெட்டியும் அதோடு போய்விட்டது. எங்கள் காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் நன்றாக வாசிப்பேன். எழுதச் சொன்னால் கை நோகும், நடக்கச் சொன்னால் கால் நோகாது. அதனால் ஒரு வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. தெஹிவளையில் பேக்கரி, கொலன்னாவையில் பீப்பாய் கழுவுதல், கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை. கடைசியில் மருதானையில் ஒரு சிங்கள முதலாளியின் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தேன். சைக்கிளின் பின்னால் தராசையும் சாக்குகளையும் கட்டிக்கொண்டு, "போத்தல், பத்தரே" என்று கூவியபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் போக வேண்டும். பத்தரே என்றால் சிங்களத்தில் பத்திரிகை. ஊர் சுற்றுவதையே வேலையாகக் கொடுத்த ஒரே முதலாளி அவர்தான்.

ஒரே ஒரு குறை, என்னிடம் அடையாள அட்டை இல்லை. ஐசி என்றுதான் எல்லோரும் சொல்வோம். யுத்தக் காலத்தில் கொழும்பில் ஐசி இல்லாத தமிழன் தெருவில் இறங்குவது தலையில்லாமல் இறங்குவது மாதிரி. முதலாளி கடைத் தாளில் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தார். என் வழமையான பாதையில் நின்ற சோதனைச் சாவடிக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆறு மணிக்குப் பிறகு அது செல்லாது. பாதை மாறினால் செல்லாது. எங்காவது குண்டு வெடித்த நாளில் எந்த இடத்திலும் செல்லாது. அப்படி மூன்று முறை பிடிபட்டேன். ஒருமுறை நாலு நாள் உள்ளே இருந்தேன். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, இவன் என்னுடைய போத்தல்காரன் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனார்.

ஐசி எடுக்க முயலாமல் இல்லை. கொட்டாஞ்சேனைக் கிராம சேவகர், நீ தோட்டத்தில் பிறந்தவன், தோட்டத் துரையிடம் கையெழுத்து வாங்கி வா என்றார். தோட்டத் துரை, இங்கே வேலை செய்யாதவனுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, நீ இருக்கிற இடத்தில் வாங்கு என்றார். இப்படி மூன்று தரம் மலைக்கு ஏறி இறங்கினேன். ரயில் பயணம் நன்றாக இருந்தது. மற்றபடி ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த உறுப்பினரின் வீடு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தால் தன் தொகுதிக்குப் போக முடியாமல், பல வருடமாக அந்த மேல்மாடி வீட்டிலேயே இருந்தார். வாசலில் எந்நேரமும் யாராவது ஒரு மனுவோடு நிற்பார்கள். நான் போன அன்று அவர் பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி என் கூவலைக் கேட்டு மாடியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

அறை முழுக்கக் காகிதம். ஹன்சார்ட். பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினாலும் அதை அப்படியே அச்சடித்துத் தரும் புத்தகம் அது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கட்டிலுக்குக் கீழே, கட்டிலுக்கு மேலே, சாப்பாட்டு மேசையில் எல்லாம் அதுதான். ஒரு மூலையில் கறையான் ஏறியிருந்தது.

"எல்லாத்தையும் கொண்டு போம். கறையான் அடுத்ததாக் கட்டிலைத் தின்னப் போகுது," என்றார் அந்த அம்மா.

ஐயா தேட மாட்டாரா என்று கேட்டேன்.

"அவர் கதைக்கிற ஆள் தம்பி. கதைச்சதைத் திருப்பிப் பாக்கிற ஆள் இல்லை."

நல்ல தடித்த வெள்ளைத் தாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகையும் போத்தலும் முதலாளிக்கு. வெள்ளைத் தாள் எடுத்தவனுக்கு. அதைக் கடலைக்காரருக்குச் சுருளாகச் சுற்றிக் கொடுக்கலாம். பத்திரிகைத் தாளில் எண்ணெய் ஊறும், மை கடலையில் ஒட்டும். ஹன்சார்ட் தாளுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. சாக்குகளை நேரே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போனேன்.

அங்கே ஓர் அச்சுக்கூடத்தின் மேல் அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் மலைநாட்டுப் பக்கம். இரண்டு பேரிடம் ஐசி இருந்தது, நாலு பேரிடம் இல்லை. இருட்டிய பிறகு பாண் வாங்குவது, தேங்காய் வாங்குவது, மருந்துக் கடைக்குப் போவது எல்லாம் ஐசிக்காரர் வேலை. அவர்களுக்கு வெளிவிவகார அமைச்சு என்று பெயர். சமைப்பது, கழுவுவது மற்ற நாலு பேருக்கும். நாங்கள் உள்நாட்டு அலுவல்கள். வெளிவிவகாரம் வாங்கி வந்த தேங்காய் அழுகியிருந்தால் உள்நாட்டு அலுவல்கள் கண்டனம் தெரிவிக்கும்.

மாலையில் ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து புத்தகங்களின் கம்பியைக் கழற்றுவோம். கோட்டைப் பக்கம் லொறிகளில் மூட்டை ஏற்றுகிற ஒருவன் எங்களோடு இருந்தான். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்து, கணக்கில் தவறியவன். தமிழும் சரளமாக வாசிப்பான். நல்ல குரல். கம்பி கழற்றச் சொன்னால் வாசித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள், "டேய், இதுல நம்ம கதை இருக்குடா," என்றான்.

உண்மைதான். அந்த ஐயா கேட்டிருந்தார்: தோட்டங்களில் பிறந்து கொழும்பில் உழைக்கிறவர்களுக்கு அடையாள அட்டை இல்லை, தோட்டத் துரையும் கிராம சேவகரும் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள், இருக்கிற இடத்துக் கிராம சேவகரே கையெழுத்திட்டால் என்ன? என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதியது போல இருந்தது. கேள்வி தமிழில். அமைச்சரின் பதில் சிங்களத்தில். லொறிக்காரன் அதைக் கனமான குரலில் வாசித்தான். "சலகா பலமின் பவதீ." அதாவது, பரிசீலிக்கப்பட்டு வருகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் ஆவல். அடுத்த வருடப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். அதிலும் அதே கேள்வி. அமைச்சர் வேறு ஆள். பதில் சலகா பலமின் பவதீ. அதற்கடுத்த வருடம் ஆட்சியே மாறியிருந்தது. பதில் மாறவில்லை. தொடர்கதைக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் அந்தப் பக்கங்களை உருவி எடுத்து வைத்தோம். அவை சேர்ந்து ஒரு கட்டு ஆயின. மற்றப் பக்கங்கள் சுருளாயின. நாலாம் நாளிலிருந்து அமைச்சரின் பதிலை ஆறு பேரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினோம். அது அறைக்குள் பரவிவிட்டது. சோறு வெந்ததா என்றால் சலகா பலமின் பவதீ. குளியலறையில் இருப்பவனை வெளியே வா என்றாலும் அதுதான்.

இந்தச் சந்தோசத்துக்கிடையில் நான் தினமும் காலையில் வெள்ளவத்தைக் கடற்கரைக் கடலைக்காரருக்குச் சுருள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஐயா மாலையில் ரயில் பாதையோரமாக நடக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததை அவரே பின்னாளில் எனக்குச் சொன்னார். கடலையைத் தின்று முடித்துச் சுருளை விரித்தாராம். மேலே அவர் பெயர். மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் கேட்டுப் பேசிய பேச்சு. தன் பேச்சு எங்கெல்லாம் போகிறது என்று முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்ததாம். இன்னொரு சுருள் வாங்கினார். அதில் ஆசிரியர் இடமாற்றம். மூன்றாவதில் பொலிஸ் படிவங்களைத் தமிழிலும் தர வேண்டும் என்பதன் பின்பாதி. அப்போதுதான் இவை தன் வீட்டுப் புத்தகங்கள் என்று விளங்கியதாம். வண்டியிலிருந்த சுருள் முழுவதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மிச்ச நேரம் கடலைக்காரர் ஆட்களின் உள்ளங்கையிலேயே கடலையைக் கொட்டி விற்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் அச்சுக்கூடத்தின் முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. சன்னலால் எட்டிப் பார்த்தவன், பொலிஸ் என்றான். படியில் சப்பாத்துச் சத்தம். ஐசிக்காரர் இரண்டு பேரும் எழுந்து ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்களில் இருவர் கூரைப் பக்கம் போனார்கள், லொறிக்காரன் பானையைக் கழுவுவது போல உட்கார்ந்தான். நான் பாதி காலியாக இருந்த ஹன்சார்ட் சாக்கில் இறங்கி, வாயை உள்ளிருந்தே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது அந்த ஐயாவும், அவருக்கு அரசாங்கம் கொடுத்த இரண்டு பொலிஸ் காவலர்களும். முதலாளியிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சாக்குகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் சாக்கில் துண்டுக் காகிதம். இரண்டாவதில் துண்டுக் காகிதம். மூன்றாவதில் நான் இருந்தேன்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"இது ஆர்?"

"போத்தல்காரன்ங்க ஐயா."

"ஏன் காணும் சாக்குக்குள்ள?"

"ஐசி இல்லைங்க."

அவர் சாக்கின் வாயை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, பயப்பட வேண்டாம், தன் பேச்சைத் தேடித்தான் வந்தேன் என்றார். அது எங்கே என்று கேட்டார். பெரும்பாலும் கடலைக்குப் போயிருச்சுங்க என்றேன். வேறு எப்படிச் சொல்வது? சாக்கிலிருந்து என்னை வெளியே எடுக்க ஒரு காவலர் கை கொடுத்தார். ஐயா நாங்கள் பாய் வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. முழங்காலில் கை வைத்துக்கொண்டு துண்டுகளையே பார்த்தார்.

"ஐசி இல்லாத ஆக்களுக்காக நான் எவ்வளவு கதைச்சனான் தெரியுமோ," என்றார் தனக்குத்தானே சொல்வது போல.

"தெரியுங்க ஐயா," என்றான் லொறிக்காரன் பானையை வைத்துவிட்டு. "பதினொரு தடவ."

நாங்கள் உருவி வைத்த பக்கங்களின் கட்டை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தான். அது மட்டும் கிழியாமல், வருட வரிசையில், சணல் நூலால் கட்டி இருந்தது. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகம் மாறியது. நாங்கள் இதை மாலையில் வாசிப்போம் என்றும், ஏன் வைத்தோம் என்றும் நான் சொன்னேன். எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன். வாசியுங்கோ என்றார்.

லொறிக்காரன் எழுந்து நின்று வாசித்தான். கேள்வியை அவர் குரலிலும் பதிலை அமைச்சர் குரலிலும். முதல் இரண்டு பதிலுக்கும் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மூன்றாவதில் கூரைப் பக்கமிருந்து இரண்டு குரல் கேட்டது: சலகா பலமின் பவதீ. ஒளிந்திருந்தவர்களுக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை. ஐந்தாவதில் ஒரு காவலரும் சேர்ந்துகொண்டார். அவருடைய அம்மாவின் ஓய்வூதியக் கடிதத்துக்கும் ஆறு வருடமாக இந்தப் பதில்தானாம். அவர் சொல்லிவிட்டு ஐயாவைப் பயத்தோடு பார்த்தார். ஐயாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை நிறுத்த அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"நான் ஒவ்வொரு வருசமும் புதுசாக் கதைக்கிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

உள்நாட்டு அலுவல்கள் தேநீர் போட்டது. குடித்துவிட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சில வாரங்களில் வரவு செலவுத் திட்ட விவாதம் வந்தது. அடையாள அட்டைக்குரிய அமைச்சின் முறை வரும் நாளில் தான் பேசப் போவதாகவும், விரும்பினால் பார்வையாளர் பகுதியில் வந்து கேட்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் உள்ளே விட ஐசி காட்ட வேண்டும். வெளிவிவகாரம் இரண்டு பேரும் போனார்கள். உள்நாட்டு அலுவல்கள் நாலு பேரும் வீட்டில் பருப்பு வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அன்று பருப்பை நான் அடிப்பிடிக்க விட்டேன். இந்த முறையும் அதே பதில் வந்தால் நான்காவது தடவை மலைக்கு ஏறினாலும் பயனில்லை. ஐசி கிடைக்காவிட்டால் அதே நாலு தெருவில்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஊர் சுற்றிப் பழகியவனுக்கு நாலு தெரு என்பது கொஞ்சம் பெரிய பொலிஸ் லொக்கப்.

போனவர்கள் திரும்பி வந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வழமையாக முக்கால் மணி நேரம் பேசுகிற ஐயா, இன்று நான் பேசவில்லை, அமைச்சர்கள் பேசுவார்கள் என்று தொடங்கினாராம். சணல் நூலை அவிழ்த்து, வருடத்தைச் சொல்லிப் பதிலை மட்டும் வாசித்திருக்கிறார். அந்தப் பழைய அமைச்சர்களில் சிலர் இப்போது எதிர்க்கட்சியில், அவருக்குப் பின் வரிசையிலேயே இருந்தார்கள். நாலாவது பதிலில் அந்தப் பின் வரிசைக்காரர்கள் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். ஏழாவதில் இரு பக்கமும் சொன்னது. எல்லாம் ஐந்து நிமிடம். அமைச்சர் பதில் சொல்ல எழுந்து, வாய்ப் பழக்கத்தில் "சலகா" என்று தொடங்கிவிட்டார். அதன் பிறகு சபை அடங்க நேரம் எடுத்ததாம். அடங்கியதும் அமைச்சரும் சிரித்தபடி, மாத முடிவுக்குள் சுற்றறிக்கை அனுப்புவேன், கௌரவ உறுப்பினர் இந்தக் கட்டை இனிமேல் கொண்டு வர வேண்டாம் என்றாராம்.

அந்த நாளின் ஹன்சார்ட் அச்சாகி வந்தபோது ஐயா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஒரு பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் (இடையீடு), (இடையீடு) என்று அச்சடித்திருந்தது. இவ்வளவு குழப்பமா செய்தார்கள் என்று கேட்டேன்.

"அது சிரிப்புத் தம்பி. அவையளின்ர புத்தகத்திலை சிரிப்புக்கு வேற சொல் இல்லை," என்றார்.

மாத முடிவு என்பது நாலு மாதமாயிற்று. ஆனாலும் சுற்றறிக்கை வந்தது. கொட்டாஞ்சேனைக் கிராம சேவகர் அதை இரண்டு தரம் படித்தார். என்னை அறிந்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் முதலாளி. வழமை போலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவருக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்த போது, ஐயாவின் மனைவி தானாகவே முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். இவரை எப்படித் தெரியும் என்று கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டார். அந்த அம்மா நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழிலும் சொன்னார். "என்ர மனுசன்ர பேச்சு முழுக்க வித்தவர் இவர்தான் எண்டனான். அதைவிட என்ன சாட்சி வேணும்?"

வயதுக்கு டொக்டரிடம் அனுப்பினார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். முப்பத்திரண்டு என்று எழுதினார். ஒரு வருடம் கூடியதில் எனக்கு வருத்தமில்லை. மருதானையில் ஒரு ஸ்டூடியோவில், அவர்களே இரவல் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தேன். அந்தக் கோட்டில் என் தோள் இரண்டும் இரண்டு உயரம்.

ஐசி வந்த அன்று அறையில் பாயாசம் வைத்தோம். என்னோடு சேர்த்து வெளிவிவகாரம் மூன்று பேர் ஆனது. லொறிக்காரனுடையது இன்னும் வந்திருக்கவில்லை. அவன் கண்டனம் தெரிவித்தான். அடுத்த மாதம் அவனுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் வந்தது. அதன் பிறகு சமைக்க ஆள் இல்லாமல் முறை வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் வெள்ளவத்தைக்குப் போய் ஐயாவிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் கேட்ட ஒன்று கையில் பிடிக்கிற மாதிரிக் கிடைத்தது இதுதான் என்றார். அடுத்து பொலிஸ் படிவத்தைத் தமிழிலும் கேட்டு இதே மாதிரி வாசிக்கலாம் என்று பார்த்தால், சுருளில் கிடைத்த அந்தப் பின்பாதியைத் தவிர ஒரு பக்கமும் கையில் இல்லையாம்.

"அதெல்லாம் கடலையோட போட்டுது," என்று உள்ளிருந்து அந்த அம்மா சொன்னார்.

தேடித் தருகிறேன் என்றேன். நூலகத்தில் பிரதி இருக்கும் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் தலையாட்டினார்.

அன்று அங்கிருந்து சைக்கிளை எடுக்கவில்லை. மாலை ஆறு மணி தாண்டும் வரை வேண்டுமென்றே கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு காலி வீதியில் ஏறித் தெஹிவளை வரை நடந்தேன். அங்கிருந்து திரும்பிக் கொள்ளுப்பிட்டி வரை நடந்தேன். இருட்டிய பிறகு அந்தப் பாதைகளில் நான் வருடக்கணக்காகப் போகவில்லை. பாலத்தடியில் ஒரு சாவடி இருந்தது. என்னைப் பார்த்த பையன் மறுபக்கம் திரும்பி ஒரு வானை நிறுத்தினான். அடுத்த சாவடியிலும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவதும் போயிற்று. இத்தனை வருடம் பிடித்தவர்கள் இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

நாலாவது சாவடியில் நானே நின்றுவிட்டேன். சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்து நீட்டினேன். அங்கே நின்ற இராணுவக்காரர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐசியைப் பார்க்கவே இல்லை. "யன்ன, யன்ன," போ போ என்று கையால் காட்டினார்.

பாருங்க மாத்தயா என்றேன். படத்தையாவது பாருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் விரலைத் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோட் யாருடையது என்று கேட்டார். ஸ்டூடியோவுடையது என்றேன். சிரித்தபடி திருப்பித் தந்தார்.

நான் கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தே போனேன்.